135 பவுண்டுக் கோடு: பிரிட்டனுக்குச் சிறு பார்சல் அனுப்ப எந்த வழி யாருக்கு?

தமிழ்நாட்டிலிருந்து பிரிட்டனுக்குக் குர்த்தி, ஜிமிக்கி, பித்தளை விளக்கு, பட்டுச் சேலை அனுப்பும் சிறு வியாபாரிகள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கூரியர் கட்டணத்தை. அது இரண்டாவதாக விசாரிக்க வேண்டியது. ஒரு ஆர்டரின் சரக்கு மதிப்பு 135 பவுண்டுக்குள் வருகிறதா, அதைத் தாண்டுகிறதா என்பதை முதலில் பாருங்கள். வரியை யார் கட்டுவது, எந்த இடத்தில் கட்டுவது, பார்சல் எந்த வகை சுங்க அறிவிப்பில் போகும், திரும்பி வந்தால் பணம் எப்படி மீளும், இவை அத்தனையும் அந்த ஒரு கோட்டில்தான் பிரிகின்றன.

கீழே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முகவரிகளுக்கு. வட அயர்லாந்துக்கு, அதாவது பிடி (BT) என்று தொடங்கும் அஞ்சல் குறியீடுகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் சரக்கு விதிகளும் குறுக்கே வருவதால் அதைத் தனியாகக் கையாள வேண்டும்.

கோடு எங்கே, எதை வைத்து அளப்பது

2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் தன் முறையை மாற்றியது. அதற்கு முன் 15 பவுண்டுக்குள் வந்த பொருளுக்கு வாட் வரியே கிடையாது. அந்தச் சலுகை நீங்கியது. 135 பவுண்டு வரையான பார்சலுக்குச் சுங்க வரி இல்லை, எல்லையில் இறக்குமதி வாட்டும் இல்லை. ஆனால் விற்கும்போதே, விற்பவர் பிரிட்டன் வாட் வசூலித்து அந்நாட்டு வருவாய்த் துறையான ஹெச்எம்ஆர்சிக்குக் கட்ட வேண்டும். 135ஐத் தாண்டினால் பழைய முறைதான்: சுங்க வரியும் இறக்குமதி வாட்டும் எல்லையில் விதிக்கப்படும்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. "வரியை வாங்குபவர் அங்கே கட்டிக்கொள்வார்" என்ற ஏற்பாடு 135 பவுண்டுக்குள் சட்டப்படி இல்லவே இல்லை. தனிநபருக்கு நேரடியாக விற்றால் அந்த வாட் உங்கள் பொறுப்பு. பார்சல் தடையில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதால் கடன் தீர்ந்துவிடாது.

135 பவுண்டு என்பது சரக்கின் விலை மட்டும். அனுப்பும் செலவும் காப்பீடும் இன்வாய்ஸில் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் அவை கணக்கில் சேராது. வாட்டும் சேராது. ஆனால் "ஷிப்பிங் இலவசம்" என்று சொல்லி, அனுப்பும் செலவை விலைக்குள்ளேயே அடக்கிவிட்டால் அந்த முழுத் தொகையும் சரக்கின் மதிப்பாகிவிடும். 128 பவுண்டு சேலைக்கு 14 பவுண்டு ஷிப்பிங் என்று பிரித்துக் காட்டினால் கோட்டுக்குக் கீழே. 142 பவுண்டு, ஷிப்பிங் இலவசம் என்று போட்டால் கோட்டுக்கு மேலே. பொருள் அதே, வாங்குபவர் கொடுக்கும் பணமும் அதே.

தள்ளுபடி நிபந்தனையற்றதாக இருந்து இன்வாய்ஸிலும் தெரிந்தால், தள்ளுபடிக்குப் பிந்தைய விலைதான் மதிப்பு. 149 பவுண்டுப் பொருளுக்குப் பத்து சதவீதக் கூப்பன் கொடுத்தால் 134.10. இப்படிக் கோட்டை ஒட்டி வரும் பொருள்களை ரூபாயில் விலை போட்டு விற்காதீர்கள். மாற்று விகிதம் சற்று அசைந்தாலே பார்சல் மறுபக்கம் போய்விடும். பிரிட்டன் வாடிக்கையாளருக்கு விலையைப் பவுண்டிலேயே வையுங்கள்.

அளவு பார்ப்பது பொருளுக்குப் பொருள் அல்ல, பார்சலுக்கு. மூன்று குர்த்தி தலா 50 பவுண்டு என்றால் அது 150 பவுண்டுப் பார்சல். ஒரே ஆர்டரை வரிக்காக மூன்று உறையாக உடைத்து அனுப்புவது விதிமீறல். இதற்கு எதிரான தவறும் நடக்கிறது: ஒரே வாடிக்கையாளர் திங்களன்று 90, புதனன்று 70 பவுண்டுக்கு வாங்குகிறார். இரண்டுக்கும் வாட் வசூலித்தாகிவிட்டது. ஷிப்பிங் மிச்சம் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் அது 160 பவுண்டுப் பார்சலாகி, எல்லையில் மறுபடியும் வாட், கூடவே சுங்க வரி. தனித்தனியாக விற்றதைத் தனித்தனியாகவே அனுப்புங்கள்.

மதுவும் புகையிலையும் இந்தக் கோட்டுக்குள் வராது. தொழில் நிறுவனம் தன் பிரிட்டன் வாட் எண்ணைக் கொடுத்து வாங்கினால், 135க்குள்ளும் நீங்கள் வாட் வசூலிக்க வேண்டாம். எண் செல்லுபடியாகிறதா என்று ஹெச்எம்ஆர்சி தளத்தில் சரிபார்த்து, வாங்குபவரே வாட்டைக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற குறிப்பை இன்வாய்ஸில் எழுதினால் போதும்.

முதல் வழி: சந்தைத் தளம்

எட்ஸி, ஈபே, அமேசான் போன்ற தளம் வழியாக 135 பவுண்டுக்குள் விற்றால், வாட் வசூலித்துக் கட்டும் பொறுப்பு தளத்துக்கு மாறிவிடுகிறது. அந்த விற்பனைகளுக்காக நீங்கள் பிரிட்டனில் வாட் பதிவு எடுக்கத் தேவையில்லை. மாதம் பத்துப் பதினைந்து பார்சல் அனுப்புபவருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கோளாறு வருவது தகவல் சேராமல் போகும்போது. வாட் வசூலித்ததற்கான தளத்தின் எண் ஆர்டர் பக்கத்தில் இருக்கும். அதை அஞ்சல் என்றால் சுங்கப் படிவத்திலும் மின்தகவலிலும், கூரியர் என்றால் மென்பொருளில் அனுப்புநர் வரி எண்ணுக்கான கட்டத்திலும் இன்வாய்ஸிலும் ஏற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் அங்குள்ள தரகர் வாட் பாக்கி இருப்பதாக எடுத்துக்கொண்டு வாங்குபவரிடம் இரண்டாம் முறை கேட்பார். வாடிக்கையாளர் வாசலிலேயே பார்சலை மறுத்துவிடுவார். தளத்தில் ஒரு நட்சத்திர மதிப்பீடு விழும். திருத்துவதற்குள் பார்சல் சென்னைக்குத் திரும்பும் கப்பலில் இருக்கும்.

இன்னொன்று: தளம் பொறுப்பேற்பது 135 பவுண்டுக்குள் மட்டும். அதே தளத்தில் 200 பவுண்டுச் சேலை விற்று, சரக்கு இந்தியாவிலிருந்து போனால், எல்லையில் வரி உண்டு. தளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டால் சண்டை வரும்.

இரண்டாவது வழி: சொந்த வலைத்தளம், பிரிட்டன் வாட் பதிவு

பிரிட்டனில் இருக்கும் வியாபாரி ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால்தான் கட்டாயமாக வாட் பதிவு எடுக்க வேண்டும். அங்கே கடையோ அலுவலகமோ இல்லாத வெளிநாட்டு வியாபாரிக்கு அந்த வரம்பு கிடையாது. முதல் 12 பவுண்டு ஜிமிக்கியிலிருந்தே பதிவு தேவை. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்துப் பணம் வாங்கி அனுப்புவதும் நேரடி விற்பனைதான். அதற்கும் இதே விதி.

பதிவை ஹெச்எம்ஆர்சியில் இணையம் வழியாகச் செய்யலாம். எண் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் இன்வாய்ஸில் வாட்டைத் தனியாகக் காட்டக்கூடாது, ஆனால் பொறுப்பு ஓடிக்கொண்டிருக்கும். எனவே விலையை அதற்குத் தக்க ஏற்றி வைத்து, எண் வந்ததும் வாட் இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும். முடிந்தால் எண் வரும்வரை அந்நாட்டுக்கு நேரடி விற்பனையைத் தொடங்காமல் இருப்பதே நிம்மதி.

அதன்பின் வேலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. காலாண்டு முடிந்து ஒரு மாதமும் ஏழு நாளும் கழிவதற்குள் கணக்கைத் தாக்கல் செய்து பணமும் கட்ட வேண்டும். கையால் நிரப்ப முடியாது. ஹெச்எம்ஆர்சியின் மின்கணக்கு முறையோடு இணையும் மென்பொருள் தேவை. விற்பனையே இல்லாத காலாண்டுக்கும் பூஜ்யக் கணக்கு போக வேண்டும். பதிவேடுகளை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கணக்கு எளிது. குர்த்தி 40, ஷிப்பிங் 9, ஆக 49 பவுண்டு. கோட்டை அளக்க ஷிப்பிங் சேராது என்றோம். ஆனால் வாட் கணக்கில் அது சேரும். 49க்கு 20 சதவீதம் 9.80. வாங்குபவர் கொடுப்பது 58.80, அதற்கு மேல் வாசலில் ஒரு பென்னிகூட இல்லை. விலையை வாட் உட்பட அறிவித்தால் அதில் ஆறில் ஒரு பங்கு வாட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பொருளுக்கும் 20 சதவீதம் இல்லை. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்று தைத்த உடைக்கு, ஹெச்எம்ஆர்சி சொல்லும் அளவுகளுக்குள் இருந்தால், வாட் பூஜ்யம். பட்டுப் பாவாடை சட்டை விற்பவர்கள் இதைக் கவனிக்காமல் 20 சதவீதம் ஏற்றி விற்று விலைப் போட்டியில் தோற்கிறார்கள். அச்சிட்ட புத்தகத்துக்கும் பூஜ்யம். சுங்க வரியும் இல்லை. புத்தகம் மட்டுமே அனுப்பும் பதிப்பகங்கள், தங்கள் விற்பனை முழுவதும் பூஜ்ய விகிதம் என்று காட்டி, பதிவிலிருந்து விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர்கள் இந்த ஒப்பீட்டில் மேலும் எதையும் படிக்க வேண்டியதில்லை. கட்டணம் குறைந்த அஞ்சலைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தளமா, சொந்தக் கடையா என்பதைக் கணக்குப் போட்டே முடிவெடுக்கலாம். எட்ஸியின் விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம். 40 பவுண்டு ஆர்டருக்கு அது 2.60. கணக்காளர், மென்பொருள் இரண்டுக்கும் ஆண்டுக்கு 600 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், கட்டண மிச்சம் அதை ஈடுகட்ட ஆண்டுக்குச் சுமார் 231 ஆர்டர் வேண்டும். உங்களுக்குக் கிடைத்த உண்மையான மேற்கோளை 600க்குப் பதில் போட்டுப் பாருங்கள். விளம்பரச் செலவையும் மறக்காதீர்கள்: தளத்தில் தேடி வரும் ஆள் சொந்தக் கடைக்குத் தானாக வரமாட்டார்.

மூன்றாவது வழி: 135க்கு மேல், வாங்குபவரே இறக்குமதியாளர்

பட்டு விற்பவர்களுக்கு இதுதான் முக்கியம். உங்கள் சரக்கு எல்லாமே 135 பவுண்டுக்கு மேல், இந்தியாவிலிருந்தே நேராகப் போகிறது, வாங்குபவர்தான் இறக்குமதியாளர் என்றால், அந்த விற்பனைக்காகப் பிரிட்டனில் நீங்கள் வாட் பதிவு எடுக்கத் தேவையே இல்லை. வரி எல்லையில் வாங்குபவர் பெயரில் விதிக்கப்படுகிறது. 12 பவுண்டு ஜிமிக்கி விற்பவருக்குக் காலாண்டுக் கணக்கு, 400 பவுண்டுக் காஞ்சிபுரம் விற்பவருக்கு அது இல்லை. தலைகீழாகத் தோன்றினாலும் விதி அப்படித்தான்.

ஆனால் வாங்குபவர் கொடுக்கும் தொகை கூடும். பருத்திச் சல்வார் செட் 160, ஷிப்பிங் 15. இங்கே சுங்க மதிப்பில் ஷிப்பிங்கும் காப்பீடும் சேரும். 175 பவுண்டுக்குப் பருத்தி உடையின் பொது விகிதமான 12 சதவீதம் 21 பவுண்டு. 196க்கு 20 சதவீத வாட் 39.20. ஆக 60.20 வரி, அதற்குமேல் கூரியர் அல்லது அஞ்சலின் கையாளும் கட்டணம். ராயல் மெயிலில் அது பல ஆண்டுகளாக 8 பவுண்டாக இருந்தது. சுங்க வரி 135ஐத் தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழு மதிப்புக்கும். அதனால் 130 பவுண்டுப் பொருளுக்கும் 140 பவுண்டுப் பொருளுக்கும் வாங்குபவர் கடைசியில் கொடுப்பதில் உள்ள இடைவெளி, விலை வித்தியாசத்தைவிட மிகப் பெரிது. 136 முதல் 155 பவுண்டு வரை விலை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஒன்று இறக்குங்கள், அல்லது பொருளுக்கு மதிப்புக் கூட்டி மேலே கொண்டுபோங்கள்.

வரியை யார் கையிலிருந்து எடுப்பது என்பதில் இரண்டு முறை. பெறுபவர் கட்டும் முறையில், பார்சல் பிரிட்டனில் நின்று, வாங்குபவருக்குக் குறுஞ்செய்தி போய், அவர் கட்டியபின் நகரும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் கட்டுவார்கள். சொல்லாவிட்டால் பாதிப் பேர் மோசடிச் செய்தி என்று அழித்துவிடுவார்கள். அனுப்புநர் கட்டும் டிடிபி முறையில் கூரியர் வரியைக் கட்டி உங்கள் கணக்கில் போடும், அதற்கொரு சேவைக் கட்டணமும் சேரும். வாடிக்கையாளர் அனுபவத்துக்கு இதுவே மேல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இறக்குமதியாளர் கட்டத்தில் வாங்குபவர் பெயரே இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர் விழுந்தால் நீங்களே பிரிட்டனுக்குள் இறக்கி, பிரிட்டனுக்குள் விற்றதாக ஆகும். அப்போது வாட் பதிவு, இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்குரிய சுங்க அடையாளமான பிரிட்டனின் ஈஓஆர்ஐ எண், அங்குள்ள சுங்கப் பிரதிநிதி எல்லாம் தேவைப்படும். தனிப் பயன்பாட்டுக்கு வாங்கும் தனிநபருக்கு ஈஓஆர்ஐ தேவையில்லை.

கோட்டுக்கு மேல் பத்து இலக்கச் சரக்குக் குறியீடு வரியைத் தீர்மானிக்கிறது. தைக்காத சேலையைத் துணியாகப் பார்ப்பதா, ஓரம் தைத்துக் குஞ்சம் முடிந்ததை ஆயத்தப் பொருளாகப் பார்ப்பதா என்பதில் குறியீடு மாறும், விகிதமும் மாறும். அடிக்கடி அனுப்பும் பொருளென்றால் ஹெச்எம்ஆர்சியிடம் முன்கூட்டிய வகைப்பாட்டுத் தீர்ப்பு கேட்கலாம். கட்டணம் இல்லை, மூன்று ஆண்டு செல்லும்.

இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானதை வைத்து, இனி வரியே இல்லை என்று சில முகவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட எந்த ஒப்பந்தச் சலுகையும் அது நடைமுறைக்கு வந்தபின், பொருள் இந்தியாவில் உருவானது என்ற சான்றோடுதான் கிடைக்கும். அதுவும் சுங்க வரியில் மட்டும். வாட் அப்படியே நிற்கும். 135க்குள் ஏற்கெனவே சுங்க வரி இல்லாததால் அங்கே ஒப்பந்தத்தால் எந்த மாற்றமும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கைத்தறி அனுப்புபவர்கள் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். வளரும் நாடுகளுக்கான பிரிட்டனின் 2023 திட்டத்தில் இலங்கை மேம்பட்ட சலுகைப் பிரிவில் இருப்பதால், உருவான நாடு பற்றிய விதிகளை நிறைவு செய்யும் உடைகளுக்குச் சுங்க வரியைப் பூஜ்யமாகக் கோரலாம்.

நான்காவது வழி: மொத்தமாக இறக்கி அங்கிருந்து விற்பது

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் உறவினர் ஒருவர் இருந்தால் உடனே தோன்றும் யோசனை இது. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து.

உறவினர் உங்களிடம் சரக்கை உண்மையிலேயே வாங்கி, தன் பெயரில் இறக்கி, தன் வியாபாரமாக விற்பது ஒரு வகை. அவர் விற்பனை 90,000 பவுண்டுக்குள் இருந்தால் அவருக்கு வாட் பதிவு கட்டாயமில்லை. இறக்குமதி வாட் அவருக்குத் திரும்பாத செலவு, ஆனால் அவருடைய லாபத்தின்மேல் வாட் ஏறாது. சிறிய அளவில் இது நன்றாகவே ஓடும். உங்களுக்கு இது சாதாரண மொத்த ஏற்றுமதி.

சரக்கு உங்களுடையதாகவே இருக்க, உறவினர் வீட்டில் வைத்து ஆர்டர் வர வர அனுப்புவது இன்னொரு வகை. இங்கே பிரிட்டனில் விற்பவர் நீங்கள்தான். வாட் பதிவு உங்களுக்குத் தேவை. இறக்கும்போது உறவினர் பெயரைப் போட்டால், சரக்கின் உரிமையாளர் அல்லாதவர் என்பதால் அவரால் இறக்குமதி வாட்டைத் திரும்பக் கோர முடியாது. நீங்களும் இறக்குமதியாளர் இல்லை என்பதால் உங்களாலும் முடியாது. அந்த 20 சதவீதம் தொலைந்தது. சரியாகச் செய்தால், உங்கள் பெயரில் இறக்கி, வாட்டை எல்லையில் கட்டாமல் காலாண்டுக் கணக்கிலேயே காட்டிக் கழித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, பணம் முடங்காது. வெளிநாட்டவர் சரக்கைத் தொழிலாகச் சேமித்து அனுப்பும் கிடங்குகள் ஹெச்எம்ஆர்சியின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். உங்கள் கிடங்கு அதைக் காட்டுகிறதா என்று கேளுங்கள்.

இரண்டு நாளில் டெலிவரி, சுலபமான திருப்பி அனுப்பல், கிலோவுக்குக் குறைந்த சரக்குக் கட்டணம் ஆகியவை இந்த வழியின் பலம். விற்காத சரக்கு அங்கே தேங்குவதும், 12 சதவீதச் சுங்க வரி விற்காததற்கும் சேர்த்து முன்னாலேயே போய்விடுவதும் பலவீனம். எந்தப் பொருள் ஓடும் என்று தெரிவதற்கு முன் இதில் இறங்க வேண்டாம்.

"பரிசு" என்று எழுதி அனுப்புவது

இது ஒரு வழியே அல்ல. ஆனாலும் கூரியர் முகவர்கள் பரிந்துரைப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. 39 பவுண்டு வரையான பரிசுக்கு வாட் விலக்கு உண்மைதான். ஆனால் அது தனிநபர் தனிநபருக்கு, பணம் வாங்காமல், பிறந்தநாள் பண்டிகை போன்றவற்றுக்கு அனுப்புவது. பாட்டி பேரனுக்குத் தீபாவளிச் சட்டை அனுப்பினால் பொருந்தும். ஒரே பெட்டியில் மூன்று பேருக்கு என்றால் ஒவ்வொன்றையும் தனியே சுற்றி, பெயர் எழுதி, தனித்தனியாக அறிவித்தால் ஒவ்வொருவருக்கும் 39 பவுண்டு.

விற்ற பொருளை இப்படி அனுப்பினால் இரு முனையிலும் மாட்டும். இந்தியப் பக்கத்தில் மாதிரிகளுக்கும் பரிசுகளுக்கும் உரிய சிஎஸ்பி-4 அறிவிப்பில் போன சரக்குக்கு வங்கியில் வெளிநாட்டுப் பணம் வந்தால் அதற்கு ஏற்றுமதி ஆவணம் இராது. ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றுமதி என்று காட்டவும் முடியாது. பிரிட்டன் பக்கத்தில் பெட்டிக்குள் கடையின் அட்டையும் விலைச் சீட்டும் கிடந்தால் பொய் அறிவிப்பு. பெட்டி தொலைந்தாலும் அறிவித்த மதிப்புக்குத்தான் இழப்பீடு கிடைக்கும்.

இந்தியாவில் செய்ய வேண்டியது

எந்த வழியானாலும் ஏற்றுமதி, இறக்குமதிக்கான ஐஇசி எண், ஜிஎஸ்டி பதிவு, ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏடி கோடு ஆகியவற்றை முதலில் தயார் செய்யுங்கள். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யூடி உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தர வேண்டும். ஏப்ரலில் இதை மறந்துவிட்டு ஜூனில் தேடுபவர்கள் அதிகம். கூரியர் என்றால் வணிக ஏற்றுமதிக்குரிய சிஎஸ்பி-5 அறிவிப்பு கேளுங்கள். பதிவுக் கட்டத்தில் முகவர் "4" போட்டால் ஏன் என்று விசாரியுங்கள். அஞ்சல் என்றால் அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா தளத்தில் அஞ்சல் ஏற்றுமதி அறிவிப்பை இணையத்திலேயே பதிந்து, பட்டைக்குறியீட்டு லேபிளோடு பார்சலை அஞ்சலகத்தில் கொடுக்கலாம்.

135க்குள் போகும் பார்சலுக்குப் பிரிட்டனில் நீங்கள் எதையும் தாக்கல் செய்வதில்லை. கூரியர் நிறுவனம் தன் அனுமதியைக் கொண்டு, குறைக்கப்பட்ட தகவல் தொகுப்பில் பல பார்சல்களை ஒரே அறிவிப்பில் சேர்த்து விடுவிக்கும். அந்தக் கூட்டத்தோடு உங்கள் பார்சல் நகர்வதும், தனியே பிடித்து நிறுத்தப்படுவதும் நீங்கள் கொடுத்த விவரத்தைப் பொறுத்தது. விவரணையில் "துணி", "பரிசுப் பொருள்", "கைவினை" என்று எழுதினால் நிற்கும். பெண்களுக்கான நெய்த பருத்திக் குர்த்தி, 2 எண்ணிக்கை, உருவான நாடு இந்தியா, ஆறு இலக்கக் குறியீடு, ஒரு எண்ணுக்கு என்ன விலை, என்ன எடை என்று அத்தனையும் வேண்டும். இன்வாய்ஸில் உள்ள விலையும் வலைத்தளத்தில் வாங்குபவர் கொடுத்த விலையும் பொருந்த வேண்டும். சுங்க அதிகாரி வலைத்தளத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மதிப்பு எவ்வளவு குறைவானாலும் சில பொருள்கள் எளிய முறையில் போகா. நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு அஞ்சலில் போகக்கூடாது. விதை, செடி, பச்சை இலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அழகுப் பொருளுக்குப் பிரிட்டனில் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். கவரிங் நகையில் ஈயம், காட்மியம், நிக்கல் வரம்புகள் உண்டு. தயாரிப்பாளரிடம் சோதனை அறிக்கை கேட்டு வாங்குங்கள். மரப்பாச்சியைக் குழந்தைகளுக்கென்று விற்றால் பொம்மைப் பாதுகாப்பு விதி பொருந்தும். அது செம்மரத்தில் செதுக்கியதாக இருந்தால் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்கான சைட்ஸ் உடன்படிக்கை குறுக்கே வரும். அனுமதி இல்லாமல் அனுப்பினால் பொருள் பறிபோகும்.

எதை எடுப்பது

நகை, குர்த்தி, வீட்டு அலங்காரம் போன்ற சிறு விலைச் சரக்கு மட்டும் விற்று, மாதத்துக்குச் சில பத்து ஆர்டருக்குள் இருப்பவர்கள் சந்தைத் தளத்திலேயே இருங்கள். பட்டு, கனத்த பித்தளை என்று 135க்கு மேல் மட்டும் விற்பவர்கள் சொந்தத் தளத்தில், வாங்குபவர் இறக்குமதியாளராக, முடிந்தால் டிடிபி முறையில் அனுப்புங்கள். பெரும்பாலோரிடம் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. அவர்களுக்கு நாங்கள் சொல்வது: சிறு விலைப் பொருளைச் சந்தைத் தளத்தில் மட்டும் வையுங்கள். சொந்தக் கடையில் பிரிட்டன் முகவரிக்கு ஷிப்பிங் நீங்கலாக 160 பவுண்டுக்குக் கீழ் ஆர்டர் ஏற்காதபடி அமைத்துவிடுங்கள். தளத்தில் அடையாளம் கிடைத்து, வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லித் தேடி வரும் நிலை வந்தபின் வாட் பதிவு எடுத்து அந்தக் கீழ்வரம்பை நீக்கலாம். ஒரே வடிவம் மாதாமாதம் தவறாமல் விற்கும்போது மட்டும் மொத்த இறக்குமதியைப் பற்றி யோசியுங்கள்.

திருப்பி அனுப்பல் அதிகம் வரும் தொழில் என்றால், அதாவது தைத்த உடை விற்பவர்கள், இதையும் சேர்த்து எடைபோட வேண்டும். 135க்குள் விற்றது திரும்பினால், வாடிக்கையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அந்த வாட்டை அடுத்த காலாண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; தளத்தில் விற்றதென்றால் அவர்களே சரிசெய்வார்கள். 135க்கு மேல் போனது திரும்பினால், எல்லையில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வேண்டியவர் வாங்குபவர். அஞ்சலில் வந்ததற்குப் பிஓஆர்286 படிவம், கூரியரில் வந்ததற்கு வேறு நடைமுறை. படிவம் நிரப்பி வாரக்கணக்கில் காத்திருக்க யாரும் விரும்பமாட்டார்கள், உங்களிடம்தான் கேட்பார்கள். டிடிபியில் அனுப்பியிருந்தால் அந்த வரி நடைமுறையில் உங்கள் நஷ்டம். அளவு சரியில்லை என்று திரும்ப வாய்ப்புள்ள தைத்த உடையைக் கோட்டுக்குக் கீழேயும், திரும்ப வாய்ப்புக் குறைந்த சேலையைக் கோட்டுக்கு மேலேயும் வைப்பது இதனால்தான் பொருந்துகிறது.

இந்த ஏற்பாடு நிரந்தரமில்லை. 135 பவுண்டு வரையான சுங்க வரி விலக்கை 2029 மார்ச்சுக்குள் நீக்கப்போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் பிரிட்டன் அரசு அறிவித்திருக்கிறது. அது வரும்போது 12 பவுண்டு ஜிமிக்கிக்கும் சுங்க வரி உண்டு. வரியைக் கணக்கிடச் சரியான சரக்குக் குறியீடும் உருவான நாடும் வேண்டும். சலுகை கோருவதானால் சான்றும் வேண்டும். ஒவ்வொரு புதுப் பொருளையும் பட்டியலில் ஏற்றும்போதே பத்து இலக்கக் குறியீடு, இழையின் சதவீதம், நெய்ததா பின்னியதா, செய்த ஊர், நிகர எடை ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்; நூறு பொருளுக்கு அதைப் பின்னால் உட்கார்ந்து தேடுவது ஒரு மாத வேலை.